முழு மூடி, அரை மூடி

டோவா பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்து எனெலெசியைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் தெரியும் என்பார்கள். அப்படியொரு வாய் அவளுக்கு. என் மனைவி மெலிஃபாவின் தங்கை. எங்கள் வழக்கத்தில் கொழுந்தியாளுக்கு அக்கா புருஷனைக் கேலி செய்ய முழு உரிமை உண்டு. என்ன சொன்னாலும் அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த உரிமையில் ஒரு துளியைக்கூட அவள் வீணாக்கியதில்லை.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. மலாவியில் எங்கள் செவா ஆட்களிடம் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். என் அம்மா ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பதினாலு வருஷமாக இந்தப் பக்கத்தில் என் மனைவியின் கொல்லையைக் கொத்திக்கொண்டிருக்கிறேன். ஊர்க்கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் கேட்பதற்கு ஆள் கிடையாது. இதற்கும் எனெலெசியிடம் ஒரு பேச்சு உண்டு.

"அத்தான், எங்க நெலத்துல நிக்கிறீங்க, எங்க கெணத்துத் தண்ணி குடிக்கிறீங்க, எங்க அக்காவ வேற வெச்சிருக்கீங்க. உங்க ஊர்லேருந்து நீங்க கொண்டாந்தது அந்த ஓட்டத் தொப்பி ஒண்ணுதானே?"

தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன். ஓட்டை இருந்தது.

அவள் புருஷன் வேலைக்கென்று ஜோகன்னஸ்பர்க் போய் ஆறு வருஷம். முதல் வருஷம் ஒரு போன் வந்தது, இரண்டாம் வருஷம் ஒரு கம்பளி வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. "இருக்கானா செத்தானான்னு தெரிஞ்சா, திட்டுறதா அழறதான்னு முடிவு பண்ணிடலாம் அத்தான். ரெண்டுங்கெட்டானா விட்டுட்டுப் போயிட்டான் படுபாவி" என்பாள். மூன்று பிள்ளைகள். மூத்தவள் டலிட்சாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதைச் சொன்னால் எங்கள் ஊரின் தலையெழுத்தையே சொன்னதாகிவிடும். ஏப்ரலில் அறுக்கும் மக்காச்சோளம் அடுத்த ஏப்ரல்வரை வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நவம்பரிலேயே மூங்கில் குதிரின் அடி தெரிந்துவிடும். அப்போதுதான் மழையும் வரும். குதிர் காலியானவள் பிள்ளைகளுக்குக் களி கிண்ட ஒரு தட்டு மாவு வேண்டுமென்றால் அடுத்தவன் கொல்லைக்குக் கூலிக்குப் போக வேண்டும். அவள் கொல்லையில் களை எடுக்க வேண்டிய அதே வாரங்களில் அடுத்தவன் களையை எடுத்துக்கொண்டிருப்பாள். அதனால் அவள் பயிர் சோகை பிடித்து நிற்கும். அடுத்த வருஷமும் குதிர் நிறையாது, மறுபடியும் கூலி. எனெலெசி மூன்று வருஷமாக இந்தச் செக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வருஷம் குதிர் நெறஞ்சிடட்டும் அத்தான். அப்புறம் எவன் கொல்லையிலயும் நான் மண்வெட்டி தூக்க மாட்டேன்" என்று 2022 ஆகஸ்டில் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. மழைக்கு மூன்று மாதம் இருக்கும்போதே காய்ந்த கட்டி மண்ணைத் தனியாளாக உடைத்து ஓர் ஏக்கருக்கும் பார் பிடித்து முடித்தாள். நாங்கள் எல்லாரும் மர நிழலில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம்.

உரம் ஒன்றுதான் பாக்கி. உரம் போடாமல் எங்கள் மண்ணில் மக்காச்சோளம் முளைக்கும், ஆனால் கதிர் பிடிக்காது. முன்பெல்லாம் இரண்டு ஆட்டை விற்றால் ஒரு மூட்டை வாங்கலாம். அந்த வருஷம் ஆறு ஆடு கேட்டார்கள். ஆறு ஆடு எங்கள் ஊரில் எவனிடம் இருந்தது? எங்கோ இரண்டு நாடுகள் அடித்துக்கொள்கின்றன, அதனால் கப்பல் வரவில்லை என்று ரேடியோ தினமும் சொன்னது. விவசாய அலுவலர் ஹாராவா சைக்கிளில் வந்து அதையே இன்னொரு தடவை சொன்னார்.

"சார், அந்தச் சண்டை நடக்கிற ஊர் எங்க இருக்கு?" என்று எனெலெசி கேட்டாள்.

"ரொம்ப தூரம்மா. பனி பெய்யிற ஊரு."

"அந்த ஊர்க்காரங்க எங்க டோவாவைக் கேள்விப்பட்டிருப்பாங்களா?"

"இருக்காது."

"அப்ப எங்க மேல அவங்களுக்கு என்ன சார் காண்டு? நான் அவங்க வேலிப்பக்கம்கூடப் போனதில்லையே."

எல்லோரும் சிரித்தோம். ஹாராவாவும் சிரித்தார். வேறு என்ன செய்ய முடியும்?

அரசாங்கம் மலிவு விலையில் ஆளுக்கு ஒரு மூட்டை தரும் பட்டியல் நவம்பரில் வந்தது. எங்கள் ஊரில் பதினெட்டு வீடு, பட்டியலில் பத்துப் பெயர். எனெலெசி பெயர் முதல் தடவையாக வந்திருந்தது. என் பெயரும் இருந்தது. கிடங்கு வாசலில் நான்கு நாள் வரிசையில் கிடந்தோம். ஒவ்வொரு நாளும் லாரி வரும் என்பார்கள், வராது. ஐந்தாம் நாள் வந்தது. எங்கள் ஊரில் மற்ற ஒன்பது பேரும் முதலிலேயே மூட்டையை வாங்கிக்கொண்டு மாட்டு வண்டி பிடித்து ஊருக்குக் கிளம்பினார்கள். எனெலெசி மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். "ஆறு வருஷத்துக்கு அப்புறம் இதத்தான் அத்தான் நான் நம்பிப் படுக்கப்போறேன்" என்று கத்திவிட்டுப் போனாள். எனக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள். என் முறை வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதைக்கு அர்த்தமில்லை. எனக்கும் மூட்டை கிடைத்தது. நான் அதை ஊருக்குக் கொண்டு வரவில்லை.

ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். காசு கொடுத்துச் சந்தையில் வாங்கியது உன்னுடையது. அரசாங்கப் பட்டியலில் வந்தது ஊருடையது. யார் பெயரில் வந்தாலும் தலைவி தினாலா வீட்டு முற்றத்தில் கொட்டி, பெயர் வராத வீட்டுக்கும் சேர்த்துத் தட்டால் அளந்து பங்கு போடுவார்கள். தரமாட்டேன் என்று யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள். ஆனால் உன் வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்ட ஒருவனும் வர மாட்டான். போன வருஷம் நான் ஒழுங்காகப் பங்கு போட்டேன். ஜனவரியில் என் கடைசி மகள் தவிட்டுக் கஞ்சி குடித்துக் குடித்து வயிறு உப்பிக் கிடந்தாள். அந்தக் கசப்பு எனக்குள் அப்படியே இருந்தது. வண்டிக்காரனிடம் ஓடையைத் தாண்டி விடச் சொன்னேன். மூட்டையை என் அம்மா வீட்டில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு ஊருக்கு வந்து, என் முறை வரும்போது சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். கிடங்கில் சரக்கு தீருவது அதிசயமா என்ன? எல்லோரும் நம்பினார்கள். எனெலெசி உச்சுக் கொட்டினாள்.

பங்கு போடுவதற்கு முதல் நாள் அவளிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"உனக்கு இருக்கிறதே ஒரு ஏக்கர். ஒரு மூட்டை அதுக்குச் சரியாப் போகும். பேசாம பாதி உரம் காத்து பட்டு ஈரமாகி வீணாப் போச்சுன்னு சொல்லிடேன்."

"ஏன் அத்தான், என்னை எறும்புக்குப் போடவா பாக்குறீங்க? நான் செத்தா என்னைக் குழியில எறக்க நாலு ஆள் வேணாமா? எம் புருஷன் ஜோகன்னஸ்பர்க்லேருந்து பறந்து வருவானா?"

"குதிர் நெறையணும்னு சொன்னியே."

"நெறையணும்தான்." பிறகு, "மூணு வருஷமும் எம் பேரு பட்டியல்ல இல்ல அத்தான். அப்பல்லாம் அடுத்தவங்க மூட்டையிலேருந்துதான் எனக்குத் தட்டு வந்துச்சு. இப்ப எம் பேரு வந்ததும் கதவச் சாத்திக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

மறுநாள் ஒன்பது மூட்டையையும் தார்ப்பாயில் கொட்டினார்கள். வீட்டுக்கு அரை மூட்டை வந்தது. வழக்கம்போல மூட்டை கிடைக்காத வீடுகளை முதலில் கூப்பிட்டார்கள். தினாலா என் பெயரையும் கூப்பிட்டாள். "பாவம், நாலு நாள் கெடந்துட்டு வெறுங்கையோட வந்த மனுஷன்" என்றாள். எங்கள் ஊரில் அளப்பதற்கென்றே வைத்திருக்கும் பத்தாம் நம்பர் தட்டால் அள்ளிப் போட்டது எனெலெசி. அள்ளும்போது தட்டின் மேல் கூம்பாக நிற்கும்படி அள்ளினாள். "அத்தானுக்கு ஒரு தட்டு கூடப் போட்டாலும் தப்பில்ல, எங்க வீட்டு மாப்பிள்ளையாச்சே" என்று கிண்டல் வேறு. நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மழை பெய்தது, விதை முளைத்தது. உரத்தை நாங்கள் சோடா பாட்டில் மூடியால் அளந்து போடுவோம். செடிக்குப் பக்கத்தில் குச்சியால் ஒரு குழி, குழிக்கு ஒரு மூடி, மேலே மண். எனெலெசியின் மூடி சிவப்பு நிறம். ஆணியால் ஓட்டை போட்டு நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். அரை மூட்டை உரம், ஓர் ஏக்கர் நிலம். ஹாராவா வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்மா, சொன்னாக் கேளு. பாதி நெலத்துக்கு முழு மூடியாப் போடு. மீதியில அவரையோ கடலையோ வெதச்சிடு. எல்லாத்துக்கும் அரை மூடி போட்டா எதுவும் கதிர் பிடிக்காது."

"முளைச்சு வந்து வரிசையா நிக்குதே சார். பிள்ளைங்கள வரிசையா உக்கார வெச்சுட்டு பாதிப் பிள்ளைங்களுக்குத்தான் களின்னு சொன்னா மீதி என் மூஞ்சியப் பாக்காதா?"

"இது பிள்ளையில்லம்மா, செடி."

"உங்களுக்குச் செடி" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். மூடியில் நகத்தால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தாள். அந்தக் கோடு வரைக்கும் உரம், விரலால் ஒரு தட்டு, குழி. ஓர் ஏக்கரும் அப்படியே போட்டு முடித்தாள். அவள் மட்டுமில்லை, பதினேழு வீடும் அதைத்தான் செய்தது. ஊருக்குள் பங்கு போட்டது போலவே செடிகளுக்குள்ளும் பங்கு போட்டார்கள். ஹாராவா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

என் அம்மா வீட்டிலிருந்து உரத்தைப் பக்கெட் பக்கெட்டாக, மேலே பூசணி இலையைப் போட்டு மூடி எடுத்து வந்தேன். என் குழிகளில் முழு மூடி விழுந்தது. மெலிஃபா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். பக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எந் தங்கச்சி அள்ளிப் போட்டதையும் வாங்கிட்டு இதையும் வெச்சிருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் எங்கள் பிள்ளைகளைக் காட்டினேன். அவள் அழுதாள், ஆனால் ஊரில் சொல்லவில்லை. அவளுக்கும் நான்கு பிள்ளைகள்.

நான் மறந்த ஒன்று உண்டு, முட்டாள்தனம்தான். உரத்தை ஒளிக்கலாம், பயிரை எங்கே ஒளிப்பது? பிப்ரவரியில் ஊர்க் கொல்லைகள் எல்லாம் மஞ்சளாய், இடுப்பளவுக்கு நின்றன. நடுவில் என் கொல்லை மட்டும் தலைக்கு மேல் கருகருவென்று பச்சை. தொலைவில் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூடத் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு வந்த எனெலெசி எங்கள் இரண்டு கொல்லைக்கும் நடுவில் நின்றாள். கூட நான்கைந்து பெண்கள்.

"அத்தான், உங்க கொல்லைக்கு மட்டும் கர்த்தர் தனியா மழை அனுப்புறாரா?"

"சாணம் போட்டேன் எனெலெசி. மாட்டுச் சாணம்."

"உங்ககிட்ட மாடே இல்லியே."

"எங்க ஊர் மாடு. அம்மா வீட்டு மாடு."

"ஓ." என் பயிரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். "நல்ல மாடுதான். மூட்டையிலயே சாணம் போடுற மாடு போல."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன். எனெலெசி மட்டும் சிரிக்கவில்லை. குடத்தைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டு போனாள். அவள் என்னைக் கேலி செய்தது அதுதான் கடைசி.

ஊர் என்னை ஒன்றும் செய்யவில்லை. தினாலா கூப்பிட்டு விசாரித்திருந்தால், அபராதமாக ஒரு கோழி கேட்டிருந்தால், கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். யாருக்கும் அதற்குத் தெம்பில்லை. அறுவடையில் எனெலெசிக்கு விரல் நீளக் கதிர்கள்தான் வந்தன. அவள் குதிர் ஆகஸ்டிலேயே காலி. என் குதிர் நிறைந்தது, மிச்சத்தை விற்றேன். அந்தப் பணத்தில் அடுத்த மழைக்குச் சந்தையிலேயே ஒரு மூட்டை உரம் வாங்கினேன். இனி எவனுக்கும் நான் பங்கு தர வேண்டாம். எத்தனையோ தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன்: என் மூட்டையையும் கொட்டியிருந்தால் அவளுக்குக் கூடுதலாகச் சில தட்டுகள் வந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் ஒன்றும் அவள் குதிர் நிறைந்திருக்காது. சண்டையை நானா ஆரம்பித்தேன்? கப்பலை நானா நிறுத்தினேன்? இது அத்தனையும் உண்மைதான். ஆனால் அவள் கூம்பாக அள்ளிப் போட்ட அந்தத் தட்டு நினைவுக்கு வந்தால் இந்த உண்மைகளில் ஒன்றுகூட வாயில் நிற்பதில்லை.

செப்டம்பரில் மெலிஃபா ஒரு கூடை சோளம் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். கூடையோடு திரும்பி வந்தாள்.

"வாங்கலையா?"

"பங்கு குடுக்க வேண்டிய அன்னைக்குக் குடுக்கல, இப்ப தானம் எதுக்குக்கான்னு கேட்டா." மெலிஃபா கூடையை மூலையில் வைத்தாள். "தண்ணி குடுத்தா. உக்கார வெச்சா. மரியாதையாப் பேசினா. எனக்குத்தான் அங்க மூச்சு முட்டுச்சு."

அந்த வருஷம் எனெலெசி எல்லாக் கொல்லைக்கும் கூலி கேட்டுப் போனாள், என் கொல்லையைத் தவிர. பக்கத்து ஊருக்கும் போனாள், அதற்கடுத்த ஊருக்கும் நடந்தாள். யாரிடமும் கூலி கொடுக்க மாவில்லை. எல்லார் குதிரும் ஒரே நேரத்தில் காலியாகியிருந்தது. டிசம்பரில் அவள் வீட்டில் பழுக்காத மாங்காயை வேக வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். டலிட்சா பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள் என்று மெலிஃபா வந்து சொன்னாள். நான் எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். போய் என்ன சொல்வது?

இரண்டு நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில், எனெலெசி மண்வெட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். கதவுக்கு வெளியிலேயே முழங்காலை மடக்கி உட்கார்ந்து கைதட்டி வணக்கம் சொன்னாள், பெரிய மனிதர் வீட்டுக்கு வேலை கேட்டு வருகிறவர்கள் செய்வது போல. பதினாலு வருஷத்தில் அவள் எனக்கு முன்னால் மண்டியிட்டதே இல்லை. மெலிஃபா உள்ளே போய்விட்டாள்.

"வேலை இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"எழுந்திரு எனெலெசி. உள்ள வா. வேலையெல்லாம் வேணாம், மாவ எடுத்துட்டுப் போ."

"வேலை இருந்தாச் சொல்லுங்க. இல்லைன்னா கெளம்புறேன்."

இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல? உரம் போடும் வாரம் அது. அவள் கொல்லையிலும் முளைத்திருந்தது, அரசாங்க லாரி அந்த வருஷம் இன்னும் வராததால் அவளிடம் போட உரமில்லை. நான் உரப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். வழியில் என் தொப்பி காற்றில் பறந்து விழுந்தது. அவள் அதை எடுத்துத் தூசி தட்டி என்னிடம் நீட்டினாள். புதுத் தொப்பி, சோளம் விற்ற காசில் வாங்கியது. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். நான் முன்னால் போகட்டும் என்று ஒதுங்கி நின்றாள்.

முதல் பாரில் குனிந்தாள். கழுத்து நூலை இழுத்து அந்தச் சிவப்பு மூடியை வெளியே எடுத்தாள். உள்ளே நகத்தால் கிழித்த கோடு அப்படியே இருந்தது. மூடியைப் பக்கெட் உரத்துக்குள் நுழைத்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன். வெறும் அசதிதான் இருந்தது.

"முழு மூடி போடவா, அரை மூடி போடவா ஐயா?"

முழு மூடி என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டுக் குழிக்கு ஒரு மூடியாக, விரலால் வழித்துச் சமமாக, ஒன்றுகூடக் குறையாமல் பார் முழுக்கப் போட்டுக்கொண்டே போனாள்.